நாற்பத்தோராம் பக்கத்துப் பொறிவண்டு

டிசம்பர் 1, ஞாயிறு

நான் சினம் கொள்ளவில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டடியில் உள்ள அறிவிப்புப் பலகையில் இன்று காலை புதிய தாள் ஒன்று, லேமினேட் செய்யப்பட்டுத் தொங்கியது. 'கவனிக்கவும். மொட்டை மாடி அவரைப் பந்தலில் காணப்படும், கரிய உடலும் வெண்புள்ளிகளும் கொண்ட சிற்றுயிர்கள் பொறிவண்டுக் குஞ்சுகள் ஆகும். இவை அசுவினிப் பூச்சியைத் தின்று பயிரைக் காப்பவை. தொடாதீர். துன்புறுத்தாதீர். இப்படிக்கு, செயலாளர்.' கீழே, நகலுக்கு நகலெடுத்துக் கருத்துப்போன ஒரு படம். எங்கோ பார்த்த படம்போல் இருந்தது. பூச்சிப் படங்கள் எல்லாமே எங்கோ பார்த்தவைதாம்.

பொறிவண்டுக் குஞ்சுகள்! தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி வாசலில் விழக்கூடிய பாளையங்கோட்டையில் இப்படியொரு சொல். வண்டுக்கு ஏது குஞ்சு? வண்டின் முட்டையிலிருந்து வருவது புழு. அது கூட்டுப்புழுவாகி உறங்கி, பிறகு முழு வண்டாக வெளிவரும். வெளிவந்த வண்டு அதற்குமேல் ஓர் இம்மியும் வளராது. சின்ன வண்டு என்பது பெரிய வண்டின் பிள்ளை அன்று. அது சின்ன வண்டு, அவ்வளவே. குஞ்சாகப் பொரிந்து, சட்டை உரித்து உரித்துப் பெரிதாவது நாவாய்ப்பூச்சி. அவரைப் பிஞ்சில் ஊசி வாயைச் செருகிச் சாறு குடிக்கும் பச்சை நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகள்தாம், இளமையில் கருப்பாய், உருண்டையாய், புள்ளி வைத்துப் பொறிவண்டு வேடம் கட்டும். பச்சை நிறம் பிற்பாடுதான் வரும். இந்த வாசகத்தை முதன்முதலில் எழுதியவன் எவனாயினும், என் வகுப்பில் இருந்திருந்தால் முதலாண்டைத் தாண்டியிருக்க மாட்டான்.

மாடிக்குப் போய்ப் பார்க்கவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் இதற்காக மூன்று மாடி ஏற வேண்டியதில்லை. பயிர், பருவம், நிறம் மூன்றையும் சொன்னால் நாற்காலியில் இருந்தபடியே பெயர் சொல்வேன்.

காலை உணவின்போது காந்திமதியிடம் சொன்னேன். பந்தல் என் மனைவியாகிய அவளுடையது.

"மேல இருக்கது பொறிவண்டு இல்ல. பிஞ்சக் குடிக்க பூச்சி."

"செயலாளர் அண்ணாச்சி புத்தகத்தப் பாத்துத்தான் எழுதினாவளாம்."

"நான் சொல்லுதேன்."

"நீங்க மேல வந்து பாத்தியளா?"

"பாக்க வேண்டியதே இல்ல."

"அச்சுல போட்டிருக்காம். எழுதினவுக படிச்சவுகளாத்தான இருப்பாவ?" என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு தோசையை வைத்தாள். என் முகத்தை வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தாள். மீசையில் சட்னி இருந்திருக்கலாம்.

ஒரு விலங்கியல் பேராசிரியரின் மனைவி, பூச்சியின் பெயரை ஓய்வுபெற்ற சார்பதிவாளரான செயலாளரிடம் கேட்டு அறிகிறாள். மீண்டும் எழுதுகிறேன்: சினம் இல்லை.

டிசம்பர் 2, திங்கள்

நிலைமையைத் தெளிவாக எழுதி வைப்பது நல்லது.

பன்னிரண்டு வீடுகள். மூன்றாம் மாடியில் திரு. ஜெபமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தனியாக இருக்கிறார். அவர் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்குகிறது. காரணம் பந்தலுக்காக மாடியில் வைத்துள்ள மண் சாக்குகள் என்பது அவர் கட்சி. சென்ற மாதக் கூட்டத்தில் அவர் சொன்னது அப்படியே: "பன்னெண்டு வீட்டுக்கும் ஒரு வேளைக் கூட்டுக்குக் காய் வந்தா பந்தல் இருந்துட்டுப் போவுது. வரலேன்னா சாக்க எல்லாம் கீழ இறக்கிரணும். சொட்டுத தண்ணிக்குச் சட்டி வச்சே எனக்குப் பொழுது போவுது." நியாயமான மனிதர். செயலாளர் பிரமநாயகம் ஒப்புக்கொண்டார். ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பொதுக்கூட்டம். அன்று காயைப் பார்த்து முடிவு.

காந்திமதி ஆடியில் விதை ஊன்றினாள். இருபத்தெட்டு ஆண்டுகளாக என் கட்டுரைகளைத் தட்டச்சு செய்தவள். "இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கது அந்தப் பந்தல் ஒண்ணுதான்" என்று ஒருமுறை சொன்னாள். நகைச்சுவையாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பால் வாங்கப் போன இடத்தில் பிரமநாயகத்தை நிறுத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உலகம் முழுவதும் தம் கையொப்பத்துக்குக் காத்திருப்பதுபோல் நிற்பார்.

"அண்ணாச்சி, அது பொறிவண்டு இல்ல. வண்டுன்னா முதுகு நடுவுல நேர்கோடு ஒண்ணு ஓடும். ரெண்டு கெட்டிச் சிறகும் வந்து சேருத இடம். இதுல அந்தக் கோடே இருக்காது. சிறகே இன்னும் முளைக்கலயே."

"கோடு இருக்கா இல்லையான்னு நீங்க பாத்தியளா?"

"பாக்கணும்னு இல்ல."

"நல்லாயிருக்கே! முப்பத்து நாலு வருசம் பத்திர ஆபீசுல இருந்தவன் நான். சொத்தப் பாத்தேம்பான், அவன் பேச்சும் செல்லாது. பாக்காதவன் பேச்சு அதுக்கும் மேல செல்லாது. பத்திரம் பேசணும், புரொபசர். எங்கிட்ட பத்திரம் இருக்கு."

"என்ன பத்திரம்?"

"புத்தகம். நாளைக்குக் கொண்டாந்து காட்டுதேன். நாப்பத்தோராம் பக்கம்."

கொண்டுவரட்டும். அந்நூலின் ஆசிரியரை வரிவரியாக உரித்துத் தொங்கவிட ஆவலாயிருக்கிறேன்.

டிசம்பர் 4, புதன்

பிரமநாயகம் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். தலைவலி. மழை. வேறு எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

அந்நூலின் ஆசிரியரைப் பற்றி நான் முதல் தேதியில் எழுதியது சற்றுக் கடுமை என்று தோன்றுகிறது.

அக்காலத்துச் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். படச்சுருளைக் கழுவ மதுரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் எந்தப் படம் எந்தச் செடியில் எடுத்தது என்பதே மறந்துபோகும். கல்லூரியின் ஆண்டு விழாவுக்குள் நூல் வெளிவந்தாக வேண்டும் என்று முதல்வர் நெருக்கியிருப்பார். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டே ஆன இளைஞன், புதிதாக மணமானவன், நூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கு ஒரே வாரத்தில் பெயர் எழுத நேர்ந்திருக்கும். ஒரு படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரே பார்வையில் பெயரிட்டிருப்பான். இப்படியெல்லாம் நடந்திருக்கக்கூடும். ஊகமாகத்தான் எழுதுகிறேன்.

பிரமநாயகத்தின் பிரதியில் அட்டையும் முதல் எட்டுப் பக்கங்களும் இல்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்ததாம். ஆசிரியர் யாரென்று அறிய வழியில்லை. அது ஒருவகையில் நூலுக்கு மரியாதை.

இரண்டு நாள் இரவல் கேட்டேன்.

"மூல ஆவணம் வெளிய போவாது, புரொபசர். நகல் வேணும்னா தாரேன். எத்தன வேணும்?"

தவறு எவருடையது என்பது இப்போது முக்கியமன்று. பந்தல் பிழைக்க வேண்டும். அதை ஒருவருக்கும் தெரியாமல் செய்ய முடியும்.

டிசம்பர் 8, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு, பிளாஸ்டிக் மக்கில் சோப்புத் தண்ணீரும் சட்டைப் பையில் கை உருப்பெருக்கியும் கொண்டு மாடி ஏறினேன். காந்திமதி கோலம் போட வாசலுக்குப் போயிருந்தாள்.

நான் சொன்னது சரி. இலையடியில் முட்டைகள் சீட்டு அடுக்கியதுபோல் ஒட்டியிருந்தன, பொரிந்த வெற்று ஓடுகளாக. பிஞ்சுக் கொத்துகளின் மேல் குஞ்சுகள், மிளகளவில் கருகருவென்று, முதுகில் வெண்புள்ளிகள். நடுமுதுகில் கோடு இல்லை. உணர்கொம்பு நான்கு கணுவாய், நுனியில் குமிழ் இன்றி ஒல்லியாக நீண்டிருந்தது. ஒன்றைப் புரட்டினேன்: மார்பிலிருந்து வயிறு நோக்கி மடங்கிய ஊசி வாய், குடையை மடக்கி வைத்ததுபோல். பிஞ்சை இலேசாகத் தட்டினால் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்தன. கொத்தமல்லித் தழை அழுகிய நாற்றம் எழுந்தது.

அசுவினி மொய்த்த ஒரு கொடி நுனியில் மட்டும், அசல் பொறிவண்டு ஒன்று ஆரஞ்சு முதுகில் கோடு பிளந்து சிறகு விரித்து, என்னைச் சட்டை செய்யாமல் பறந்தது. அருகே முதலைக்குட்டி போன்ற அதன் புழு அசுவினியைத் தின்றுகொண்டிருந்தது. நாவாய்ப்பூச்சிக் குஞ்சையும் இந்தப் புழுவையும் பக்கம் பக்கமாகப் பார்த்தபோது, பல ஆண்டுகளாக நான் உயிருள்ள பூச்சியைப் பார்த்ததே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வகுப்பில் படவீழ்த்தியே போதுமானதாக இருக்கிறது.

இறங்கி வந்தபோது அடுப்படிச் சன்னலில் ஊறுகாய்ப் புட்டி ஒன்றைக் கண்டேன். வாயில் வெள்ளைத் துணி கட்டி, உள்ளே ஓர் அவரைப் பிஞ்சு. ஏதோ வற்றல் போடுகிறாள் போலும்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்று மக்கில் நாற்பத்து மூன்று.

டிசம்பர் 11, புதன்

அறுபத்தொன்று. கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. மூவர் காப்பி அடித்தனர். மூவரும் தவறான விடையையே அடித்திருந்தனர்.

டிசம்பர் 14, சனி

பிடிபட்டேன்.

"யாரது, சார்வாளா? அவரைக்காயா பறிக்கிய?"

பின்னால் ஜெபமணி, கம்பளிக் குல்லாயுடன்.

"இல்ல சார். பூச்சி."

அவர் மக்குக்குள் எட்டிப் பார்த்தார். "அடப் பாவமே! நோட்டீஸ் போட்டுக் காப்பாத்துத பூச்சியல்லா இதுல மிதக்கு?"

ஒன்றைப் புரட்டி உருப்பெருக்கியின் கீழ்க் காட்டினேன். "வயித்துக்கடியில பாருங்க. ஊசி மாதிரி மடங்கிக் கெடக்கும். வண்டுக்குக் கடிக்க தாடைதான் உண்டு, இந்த ஊசி கிடையாது. இது பிஞ்சக் குத்திக் குடிக்க ஜாதி. அதான் காய் எல்லாம் கோணிப்போவுது."

நெடுநேரம் பார்த்தார். "ஆமா, கெடக்கு. அப்ப இத பிரமநாயகத்துக்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். புத்தகத்துல போட்டிருக்குங்காரு."

"புத்தகம் தப்புன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எடுபடாதா?"

"அதுல ஒரு சிக்கல் இருக்கு."

"என்ன சிக்கல்?"

மக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன். நாற்பதாண்டுக் காலம் பள்ளிப் பிள்ளைகளின் மௌனத்தைப் படித்தவர் அவர். என் மௌனத்தையும் ஒரு முறை மேலிருந்து கீழே படித்தார்.

"செரி. நான் காத்து வாங்க வந்தேன். ஒண்ணும் பாக்கல. போதுமா?"

"யாருக்கிட்டயும்..."

"சொல்லமாட்டேன்னேமில்லா." படியிறங்கும்போது சிரித்தார். "பந்தல் காய்க்கலேன்னா எனக்கு லாபம். எங்கிட்ட வந்து காட்டிக் குடுக்காதியங்கிய. நல்ல கூத்து, சார்வாள்."

டிசம்பர் 17, செவ்வாய்

அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் பிரமநாயகத்தின் செய்தி: 'நம் பொறிவண்டுகள் நாளுக்கு நாள் குறைகின்றன. இது இயற்கை அன்று. மாடியில் சோப்பு வாடை அடிக்கிறது. பந்தல் ஒழிந்தால் யாருக்கு நிம்மதி என்பது எல்லாருக்கும் தெரியும்.' கீழே ஒன்பது பேர் அழும் முகம் போட்டிருந்தார்கள்.

பதினைந்து நிமிடம் கழித்து ஜெபமணி எழுதினார்: 'நான் இல்லை.'

அவ்வளவுதான் எழுதினார்.

டிசம்பர் 18, புதன்

பிரமநாயகம் வீட்டுக்கே வந்து காப்பி குடித்தபடி வழக்கை எடுத்துரைத்தார். மாடிக்கு அடுத்த வீடு ஜெபமணியுடையது. காலையில் அவர் குல்லாய் போட்டுக்கொண்டு மேலே போவதைக் காவலாளி பார்த்திருக்கிறார். நோக்கம் உண்டு, வாய்ப்பு உண்டு.

"கூட்டத்துல வச்சு மன்னிப்புக் கேக்க வைக்கணும். மினிட்ஸ்ல ஏத்திரணும். நீங்க என்ன சொல்லுதிய, புரொபசர்?"

விலங்கியலில் கருத்துச் சொல்லக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இது சட்டம் சார்ந்தது. நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

காந்திமதிதான் பேசினாள். "யாரு கொன்னாலும் ஒரு காரணம் இருக்கும்லா, அண்ணாச்சி? காரணத்த அவுகளே வந்து சொல்லுவாவ. படிச்சவுகதான எல்லாரும்."

"அந்தப் புத்தகத்த எழுதினது யாரா இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? உங்க வீட்டுலதான் இத்தன புத்தகம் கெடக்கு."

"அட்டை இல்லாத புத்தகத்துக்கு நான் என்னத்தக் கண்டேன்?" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிரமநாயகத்தின் மேல் எனக்கு உள்ளது சினம் அன்று. பனிக்கட்டி போன்ற ஒரு தெளிவு.

டிசம்பர் 25, புதன்

ஜெபமணி பன்னிரண்டு வீட்டுக்கும் கேக் கொடுத்தனுப்பினார். நான்கு வீடுகளிலிருந்து தட்டு அப்படியே திரும்பியது. சர்க்கரையாம். அவர்களுள் இருவர் சென்ற வாரம் சாந்தி ஸ்டோர் வாசலில் நின்று ஜிலேபி தின்றதை நான் கண்டிருக்கிறேன். திரும்பிய தட்டுகளைக் கதவருகே அடுக்கி வைத்துவிட்டு, அவர் தம் வீட்டு வாசல் நட்சத்திர விளக்கின் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்து, "கேக் எப்படி, சார்வாள்?" என்றார்.

"நல்லாயிருந்தது சார். ரெண்டு துண்டு தின்னேன்."

"நீங்களாச்சும் தின்னியளே." அதற்குமேலும் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தது எனக்குப் பெரும் எரிச்சலை ஊட்டியது.

இன்று பதினேழு குஞ்சுகள் மட்டுமே. பந்தல் தேறுகிறது.

ஜனவரி 1, புதன்

அடுப்படிச் சன்னல் புட்டியில் காந்திமதி பழைய பிஞ்சை எடுத்துவிட்டுப் புதிய பிஞ்சைப் போட்டாள்.

"என்ன அது, வத்தலா?"

"இல்ல."

"பின்ன?"

"வளருது. எப்படி வருதுன்னு பாப்போம்."

யூடியூபில் ஏதேனும் சமையல் பார்த்திருப்பாள். புத்தாண்டு நாளில் விவாதிக்க விரும்பவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

நான்கு வாரமாகப் பொறுக்கியதில் மேல்கொடிகளில் வந்த புதுக் காய்கள் நேராக, பளபளவென்று தொங்குகின்றன. கீழ்க்கொடிகளில் டிசம்பர் தொடக்கத்துப் பிஞ்சுகள் எல்லாம் கோணலும் சொத்தையும். அந்த முதல் வாரத்திலேயே மாடி ஏறியிருந்தால் இவையும் தப்பியிருக்கும். பிரமநாயகத்தின் அறிவிப்பே இதற்குக் காரணம். அறிவிப்புக்குக் காரணம் புத்தகம். புத்தகத்துக்குக் காரணம்

மழை வரும்போல் இருக்கிறது. துணி எடுக்கப் போகிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

காலை பத்து மணிக்கு மாடியிலேயே கூட்டம். பந்தலின் நிழலில் பாய் விரித்து, பறித்த காயை வீட்டுக்கொரு வாழை இலையாகக் காந்திமதி பங்கு வைத்தாள். பதினோரு இலை நிறைந்தது. பன்னிரண்டாம் இலையில் சொத்தைக் காய்கள் மட்டுமே மிஞ்சின.

பிரமநாயகம் எழுந்தார். கையில் மூல ஆவணம்.

"ஒரு வீட்டுக்குக் காய் இல்ல. ஏன் இல்ல? நம்ம பொறிவண்ட எல்லாம் ஒருத்தர் தெனமும் வந்து கொன்னுருக்காரு. யாருன்னு நான் சொல்ல வேண்டாம். இங்கதான் உக்காந்திருக்காரு. அவரு மன்னிப்புக் கேக்கணும். அத நான் மினிட்ஸ்ல ஏத்தப்போறேன்."

எல்லாரும் ஜெபமணியைப் பார்த்தார்கள். அவர் தரையோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருப்பதில் அவர் எடுத்துக்கொண்ட கவனத்தை நான் ஒருவனே அறிவேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, எழுபது வயது மனிதர் பன்னிரண்டு குடும்பங்களின் முன் குற்றவாளியாகக் குனிந்திருந்தார். இத்தனை நாள் எவர் மேல் இந்தச் சினம் என்று இந்நாட்குறிப்பில் மாற்றி மாற்றி எழுதிவந்தேனோ, அது அந்த நொடியில் சரியான முகவரிக்கு வந்து சேர்ந்தது.

எழுந்து நின்றேன்.

"கொன்னது நான்."

யாரோ சிரித்தார்கள். பிரமநாயகம், "உக்காருங்க புரொபசர், வெளையாடாதிய" என்றார்.

"வெளையாடல. ஒரு மாசமா தெனமும் காலைல வந்து சோப்புத் தண்ணில போட்டேன். சார் பாத்தாரு. சொல்லாதியன்னு கேட்டுக்கிட்டேன், அதான் சொல்லல. அவரு இந்தப் பந்தல்ல ஒரு எலையக்கூடத் தொடல. நான் கொன்னது பொறிவண்டும் இல்ல. காயக் குடிக்க நாவாய்ப்பூச்சி. அதோட குஞ்சு."

"பத்திரம் வேற மாதிரில்லா சொல்லுது!" பிரமநாயகம் நாற்பத்தோராம் பக்கத்தை விரித்துப் பிடித்தார். "படம் போட்டு, பேரு போட்டு, அச்சுல இருக்கு. இத எழுதினவன் முட்டாளா?"

"ஆமா."

"எப்படிச் சொல்லுதிய?"

"எழுதினது நான்தான்."

தொடர்ந்து சொன்னேன்: படம் நான் எடுத்தது, பெயரை நான் எழுதியது, உற்றுப் பார்க்காமல் எழுதியது, புத்தகத்தைக் கண்ட நாள் முதல் மறைத்தது. இவற்றைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதமாக மூன்று மாடி ஏறி இறங்கியது இதைச் சொல்லாமல் இருப்பதற்காக.

பிரமநாயகம் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "எழுதிக் குடுத்தவரே செல்லாதுன்னா..." முப்பத்து நாலு ஆண்டு அனுபவத்தில் முன்னுதாரணம் தேடினார். "ரத்துப் பத்திரம்தான் போடணும். ஆனா சாட்சி வேணுமே?"

"சாட்சி இருக்கு, அண்ணாச்சி."

காந்திமதி முந்தானைக்குள்ளிருந்து ஊறுகாய்ப் புட்டியை எடுத்து நடுவில் வைத்தாள்.

"நீங்க நோட்டீஸ் ஒட்டின அதே வாரம் அஞ்சு குஞ்சப் பிடிச்சு இதுல போட்டேன். தெனம் ஒரு பிஞ்சு. நாலு தடவ சட்டைய உரிச்சிச்சு. கூடும் கட்டல, தூங்கவும் இல்ல. கடைசி உரிப்பு முந்தாநாளு. இப்பப் பாருங்க."

துணியை அவிழ்த்தாள். உள்ளே, இலைப் பச்சை நிறத்தில், கேடயம் போன்ற முதுகோடு மூன்று நாவாய்ப்பூச்சிகள். ஒன்று ஊசி வாயை இறக்கிப் பிஞ்சைக் குடித்துக்கொண்டிருந்தது. பிரமநாயகம் விரலால் அதைத் தொட்டார். அடுத்த கணம் பன்னிரண்டு வீட்டாரும் மூக்கைப் பொத்தினார்கள்.

"யம்மா, என்ன நாத்தம்!" ஜெபமணிதான். "இதுவாவே உம்ம நண்பன்?"

அப்போது எழுந்த சிரிப்பில் பிரமநாயகமும் சேர்ந்துகொண்டார். சிரித்து முடித்து, ஜெபமணியின் முன் போய் நின்றார். "சார்வாள், நான் பேசினது தப்பு. மினிட்ஸ்ல ஏத்திருதேன்." அவருக்குத் தெரிந்த அதிகபட்ச மன்னிப்பு அது. நானும் கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

"செரி, காய் விசயத்துக்கு வாங்க," என்றார் ஜெபமணி. "பதினோரு எலைதான இருக்கு?"

காந்திமதி தலையசைத்தாள். அவள் கை பந்தல் காலைப் பிடித்திருந்தது.

"எனக்கு அவரைக்கா சேராது. வாயு. அப்ப பதினொண்ணு போதும்லா?" பிறகு குரலைத் தலைமையாசிரியராக்கிக்கொண்டார். "ஆனா சாக்க எல்லாம் செங்கல்லுக்கு மேல தூக்கி வைக்கணும். இந்த வாரமே. சார்வாள்தான் தூக்கணும். அதுதான் தண்டனை."

ஜனவரி 13, திங்கள்

பொங்கலுக்கு வீடு ஒதுங்கவைக்கும் நாள். இடுப்பு நிமிரவில்லை; இருபத்தாறு சாக்கு.

பரணிலிருந்து இறக்கிய காகிதக் கட்டுகளில் ஒன்றைக் காந்திமதி தனியே எடுத்து என் மேசையில் வைத்தாள். அந்தப் புத்தகத்தின் கைப்பிரதி. நான் கையால் எழுதித் தந்தது; மணமான முதல் ஆண்டில் இதைப் பார்த்துத்தான் அவள் தட்டச்சு செய்தாள். அவளிடம் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். அவள் தட்டச்சு செய்தாள் என்பதையும்.

நாற்பத்தோராம் பக்கத்துப் படத்துக்கான தாளைத் தேடி எடுத்தேன். 'பொறிவண்டுக் குஞ்சுகள்' என்று என் கையெழுத்து. ஓரத்தில் பென்சிலில், சிறிய எழுத்தில், அவள் கேட்டிருந்தாள்: 'வண்டுக்குப் புழு என்றுதானே முன்பக்கத்தில் உள்ளது? குஞ்சு உண்டா? சரிபார்க்கவும்.'

அதன் கீழே சிவப்பு மையில் நான் எழுதிய விடை: 'உள்ளவாறே தட்டச்சு செய்க.'

அடுப்படிக்குப் போனேன். மஞ்சள் குலையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கே உனக்குத் தெரியும்லா, புத்தகம் என்னோடதுன்னு?"

"படத்தப் பாத்ததும் தெரிஞ்சிச்சு."

"ஏன் சொல்லல?"

"உள்ளவாறே இருக்கட்டும்னு விட்டேன்" என்றாள், குழாயை மூடாமல்.

ஜனவரி 16, வியாழன்

புதிய அறிவிப்பு இன்று தயாரானது. காந்திமதி சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். 'முதுகில் கோடு இருந்தால் விட்டுவிடவும். கோடு இல்லாவிட்டால் புரட்டிப் பார்க்கவும். ஊசி இருந்தால் சோப்புத் தண்ணீர்.' 'புரட்டிப் பார்க்கவும்' என்பதைவிட 'உற்றுநோக்கவும்' பொருத்தமாக இருக்குமே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். உள்ளவாறே தட்டச்சு செய்தேன்.

மாலையில் மாடியிலிருந்து இறங்கி வந்தவள், குவித்த உள்ளங்கையை என் நாற்காலிக்கு எட்டத்தில் நின்று நீட்டினாள். மிளகளவில் ஏதோ ஒன்று, கருப்பாக, ஊர்ந்துகொண்டிருந்தது.

"இது எது?"

அவரைப் பந்தல். தை மாதம். கருப்பு. பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

எழுந்து உருப்பெருக்கியை எடுத்தேன்.

"பொறு. பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.